சாவு விழாத வீட்டுக்குப் போட்ட பந்தல்

அந்தச் சனிக்கிழமை காலையில் புக்கிட் காத்தில் என்ற ஊரின் தாமான் குடியிருப்பில், மூலை வீட்டில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் ஆளாளுக்கு ஒரு கதை கட்டினார்கள். வராதவர்கள்கூட வந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். வீட்டுக்குள் சவரிமுத்து ஐயா, ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், இருதய நோயாளி. அவருடைய ஒரே மகள் எலிசபெத். வெளியே ரோட்டில் நானும் என்னோடு வேலை செய்த குமாரும். தாமான் குடியிருப்பாளர் சங்கத்தின் பொருளாளர் கணபதி, மடக்கு மேசையோடு. பிறகு சுங்கை ரம்பாயிலிருந்து வந்த அஞ்சலை அக்கா. மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் கோலாலம்பூரிலிருந்து யமுனா. இவர்களைத் தவிர, சிவப்பு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த கூட்டம். அவர்கள் எல்லாரும் சவரிமுத்து ஐயாவின் சாவுக்கு வந்தவர்கள். ஐயா அப்போது வாசலைப் பார்த்த அறையில் ஜன்னலோரமாக உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தார்.

கண்காட்சி அமைக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிகளுக்கு இதை எழுதுகிறேன். நீங்கள் டிப்ளோமா படித்துவிட்டு வருகிறீர்கள். நான் இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கல்யாணத்துக்கும் சாவுக்கும் கூடாரம் போடும் ஒரு முதலாளியிடம் கயிறு சுருட்டத் தொடங்கி, கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓவியர்களும் சிற்பிகளும் சொன்னதையெல்லாம் தொங்கவிட்டும் நிறுத்தியும் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றேன். ஆணி அடிப்பது, எடை தாங்குமா என்று பார்ப்பது, லைட் திருப்புவது இதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டால் ஒரு வாரத்தில் கை பழகிவிடும். கை பழகாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கதை.

யமுனா ஒரு கலைஞர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். அவர் செய்ததை ஆங்கிலத்தில் இன்ஸ்டலேஷன் என்பார்கள், தமிழ்ப் பத்திரிகையில் நிறுவற்கலை என்று போட்டிருந்தது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற படம் இல்லை. ஓர் இடத்தையே நிரப்பி வைப்பது. பார்க்க வருகிறவர் அதற்குள்ளேயே நடந்து போக வேண்டும். யமுனா நிரப்பியது எதை வைத்து என்றால், நம் ஊரில் எந்த ரோட்டிலும் பார்க்கிற வெள்ளைக் கூடாரம் ஒன்று, அதன் கீழே வரிசையாகச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். அவ்வளவுதான். ஆள் இல்லை, மேடை இல்லை, பாட்டு இல்லை. எல்லா நாற்காலியும் காலி.

முதலில் அதை மலாக்கா பழைய பட்டணத்தில் ஒரு கேலரிக்குள் போட்டோம். வெள்ளைச் சுவர், குளிர்சாதனம், மேலே இருந்து மெல்லிய விளக்கு. கூடாரத்தைக் கட்டடத்துக்குள் போடுவதே பார்க்க விசித்திரமாக இருந்தது. வந்தவர்கள் கோயிலுக்குள் நுழைந்தவர்கள் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒருவர்கூட உட்காரவில்லை. ஒரு சீன அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். தனிமை, காத்திருப்பு, போனவர்களின் நினைவு என்று என்னென்னவோ பேசிக்கொண்டார்கள். நான் மூலையில் நின்று, கம்பிக் கால் தரையைக் கீறிவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

அடுத்து ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில் போட்டோம். அதே கூடாரம், அதே நாற்காலி. அரை மணி நேரத்தில் எல்லாம் நிரம்பிவிட்டது. ஐஸ் கச்சாங் சாப்பிட்டார்கள், பிள்ளைக்குப் பால் புட்டி கொடுத்தார்கள். ஒரு மலாய்க்காரப் பெரியவர் என்னைக் கூப்பிட்டு, அதிர்ஷ்டக் குலுக்கல் எத்தனை மணிக்கு ஆரம்பம் என்று கேட்டார். யமுனா ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்று அழுதுவிட்டார். கோப்பி வாங்கிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு, இதை இது பிறந்த இடத்துக்கே கொண்டுபோக வேண்டும் என்று தோன்றியது. நிஜமான ரோடு, நிஜமான வீடு. கேலரியின் கணக்கு வழக்கைப் பார்த்தவர் எலிசபெத். அவர் தன் வீட்டுக்கு முன்னால் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். மூலை வீடு, ரோடும் அகலம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று அவரிடம் இருந்தது. அப்பாவுக்கு இருதய அறுவைச் சிகிச்சை. திங்கட்கிழமை காலையில் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். மனுஷன் வாயால் சரி என்று சொல்லிவிட்டு, பெட்டியில் துணி வைக்க விடாமல் இழுத்துக்கொண்டிருந்தார். வாசலில் நாலு பேர் வந்து போய்க் கலகலப்பாக இருந்தால் அப்பாவுக்கு மனசு தெளியும் என்று எலிசபெத் நினைத்தார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் நானும் குமாரும் கூடாரத்தைப் போட்டோம். என் பயங்களை நான் வரிசையாகத் தீர்த்துக்கொண்டே வந்தேன். நகராண்மைக் கழகத்தின் அனுமதி பையில் இருக்கிறதா, மின்கம்பி உரசுமா, சாக்கடை மூடி பாரம் தாங்குமா, பள்ளி வேன் திரும்ப இடம் இருக்கிறதா. குமார் இதற்கெல்லாம் பழகியவன். நான் மூன்றாம் தடவை கயிற்றை இழுத்துப் பார்த்தால், நாலாம் தடவைக்கும் சேர்த்து அவனே இழுத்துக் காட்டிவிடுவான்.

முடிந்ததும் யமுனாவிடம், வாசல் கம்பத்தில் இரண்டு வாழை மரம் கட்டிவிடட்டுமா, எனக்குத் தெரிந்த ஆள் மெர்லிமாவில் இருக்கிறான், உடனே கொண்டுவருவான் என்று கேட்டேன். கூடாரம் போடுகிறவன் கை அது. கம்பத்தைப் பார்த்தால் எதையாவது கட்டத் தோன்றும். வேண்டாம் அங்கிள், ஒன்றுமே இருக்கக் கூடாது, காலியாக இருப்பதுதான் வேலை என்றார்.

குமார் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தான்.

"ஒண்ணுமே இல்லாட்டி அது சாவு வீடு, லா."

அவன் சொன்னது தொழில் பேச்சு. கல்யாணக் கூடாரத்துக்கு உள்கூரையில் கலர்த் துணி இழுப்போம், வாழை கட்டுவோம், தோரணம் விடுவோம், பாட்டுப் பெட்டி வைப்போம். சாவுக்கு வெறும் வெள்ளைக் கூடாரமும் நாற்காலியும் மட்டும். நம் ஊரில் யாரும் இதைப் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. மோட்டார் சைக்கிளில் போகிறவன்கூட ஒரு பார்வையில் கண்டுபிடித்து, கல்யாணம் என்றால் ஹாரன் அடித்துவிட்டும், சாவு என்றால் வேகத்தைக் குறைத்தும் போவான். ஆனால் கேலரியில் ஒருவர்கூடச் சாவு என்று சொல்லவில்லையே. பேரங்காடியில் குலுக்கல் என்றார்களே தவிர, சாவு என்று சொல்லவில்லையே. இது கலை, கலையைக் கலையாகத்தான் பார்ப்பார்கள் என்று குமாரிடம் சொன்னேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டு லாரியில் ஏறிவிட்டான். யமுனாவும் அன்று மாலையே கோலாலம்பூருக்குத் திரும்பிவிட்டார்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்குத்தான் திறப்பு. யமுனா கோலாலம்பூரிலிருந்து சில விருந்தினர்களை வரச் சொல்லியிருந்தார். ஒரு பெரிய கண்காட்சிக்கு யாரை எடுப்பது என்று முடிவு செய்கிறவர்கள். எனக்குக் காலையில் வேலை எதுவும் இல்லை. ஆனாலும் காற்று அடித்திருக்குமோ என்ற கவலையில் ஒன்பது மணிக்கெல்லாம் குமாரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

தூரத்திலிருந்தே ஆட்கள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கிட்டப் போனதும் கணபதி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷன், லாரியில் பலகை ஏற்றிக்கொண்டு போனாலும் வழியில் நிற்கும் ஆளையும் ஏற்றிக்கொள்வார் என்றார். யாரைச் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

நடந்தது இதுதான். கணபதி காலை நடைக்குப் போயிருக்கிறார். சவரிமுத்து ஐயாவுக்கு இருதயக் கோளாறு என்று தாமானுக்கே தெரியும். வாசலில் வெள்ளைக் கூடாரம், வாழை இல்லை, தோரணம் இல்லை. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. பாவம், பிள்ளை உள்ளே அழுதுகொண்டிருக்கும், தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்து, மணியைக்கூட அடிக்காமல் வாட்ஸ்அப்பில் செய்தி போட்டுவிட்டார். முன்னாள் தோட்ட லாரி ஓட்டுநர் சவரிமுத்து ஐயா காலமானார், அடக்க விவரம் பின்னர். தாமான் குழுவிலிருந்து சர்ச் குழுவுக்கும், அங்கிருந்து பழைய தோட்டத்து ஆட்களின் குழுவுக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டது. கணபதி அதோடு நிற்கவில்லை. சங்கத்து மடக்கு மேசையைக் கொண்டுவந்து போட்டு, வருகிறவர்கள் தருகிற பணத்தை உறையில் போட்டு வாங்கி வைக்கவும் ஆரம்பித்துவிட்டார். தாமானில் எந்தச் சாவு என்றாலும் அது அவர் வேலை. அதை அவர் ஒரு பைசா பிசகாமல் செய்வார்.

ஃபாதருக்குப் போன் போட்டாகிவிட்டதா என்று என்னிடமே கேட்டார்.

நான் பின்கதவு வழியாக உள்ளே ஓடினேன். எலிசபெத் சமையலறையில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். கையில் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. எல்லாம் ஆழ்ந்த அனுதாபங்கள். வெளியே போய்ச் சொன்னால் அப்பா காதில் விழுமே என்று அவர் வாசலுக்கே போகவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. முந்தின நாள் நடந்ததை மெதுவாகச் சொன்னார். நாங்கள் போன பிறகு அப்பா ஜன்னல் வழியாக அந்தக் காலி நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தாராம். இரவு சாப்பிடவில்லை. கடைசியில், ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன், என் சாவுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று இப்போதே காட்டிவிட்டீர்களே, அறுத்துத் தைத்து என்ன ஆகப் போகிறது என்றாராம்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. மெர்லிமாவ் பக்கம் அவர்கள் இருந்த தோட்டத்தை விற்றபோது, லயத்து வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்கள் எல்லாம் வீடு கேட்டு விடாப்பிடியாக நின்றிருக்கின்றன. சவரிமுத்து ஐயா மட்டும் முதல் ஆளாக நஷ்டஈட்டுக்குக் கையெழுத்துப் போட்டு, காசை வாங்கிக்கொண்டு புக்கிட் காத்திலுக்கு வந்துவிட்டார். அதிலிருந்து தோட்டத்து ஆட்கள் அவரோடு பேசுவதில்லை. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பதில்லை. அவரும் யாரையும் தேடிப் போகவில்லை.

கேலரியில் அந்தக் காலி நாற்காலி யாரோ ஒருவருடைய தனிமை. இந்த வீட்டு வாசலில் அது சவரிமுத்து என்ற ஒரே மனுஷனுக்கு எழுதின பதில். யமுனா அப்படி நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. கொண்டுபோய் வைத்த இடம் அப்படிச் சொல்லிவிட்டது. ஒரு பொருளைத் தூக்கிக்கொண்டு போகும்போது அதன் அர்த்தமும் கூடவே லாரியில் ஏறி வருகிறது என்று நினைக்காதீர்கள். அர்த்தம் அங்கே முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கும்.

எலிசபெத் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். பிரித்துவிடுங்கள், இப்போதே.

வெளியே வந்தேன். குமார் அவன் பங்குக்கு ஒரு யோசனை வைத்திருந்தான். இரண்டு வாழையை வெட்டி வந்து கட்டிவிடலாம், ஆட்கள் குழம்பிப் போய்விடுவார்கள் என்றான். அப்புறம் கல்யாணம் யாருக்கு என்று கேட்பார்களே என்றேன். உனக்குத்தான், நீதான் இங்கே பொண்டாட்டி செத்தவன் மாதிரி நிற்கிறாய் என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கயிற்று முடிச்சில் கையை வைத்துவிட்டேன். கைதான் போனது, முடிச்சு அவிழவில்லை. ஆள் உட்கார்ந்திருக்கிற சாவுக் கூடாரத்தில் கயிற்றை அவிழ்ப்பதில்லை என்பது எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். மழை பெய்தாலும், வாடகை நேரம் முடிந்தாலும், கடைசி ஆள் எழுந்திருக்கிற வரை நிற்போம். இது சாவுக் கூடாரமா இல்லையா என்று முடிவு செய்ய எனக்குத் தெரியவில்லை. அவிழ்த்தால், வந்தவர்கள் எழுந்து போவதையும் அவர் ஜன்னலிலிருந்து பார்ப்பார். அவிழ்க்காவிட்டால், உயிரோடு இருக்கிறவருக்குத் துக்கம் கேட்க ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். சத்தம் போட்டு உண்மையைச் சொன்னால், அந்த அதிர்ச்சியில் அவருக்கு நெஞ்சு நின்றுவிட்டால் என்ன செய்வது? எந்தப் பக்கம் திரும்பினாலும் பயம்தான்.

அப்போது எடுத்த முடிவை இன்றைக்கும் நான் ஒரு கொடுப்பினையாக நினைக்கிறேன். என் மூளையில் உதித்தது இல்லை, பயத்தில் வேறு வழி தெரியாமல் செய்தது. யாருடைய சாவு என்று சொல்கிறார்களோ, அவரிடமே போய்க் கேட்டுவிடலாம் என்று போனேன்.

ஐயா ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். சிங்லெட் பனியன், இடுப்பில் சாரோங் கைலி. பின்னால் சுவரில் திரு இருதய ஆண்டவர் படம், அதன் கீழே சின்னச் சிவப்பு பல்பு. ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளைக் கொஞ்சமாகத் திறந்து வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முன்னால் குந்திக்கொண்டேன்.

"ஐயா, வெளிய ஒரு தப்பு நடந்துபோச்சு. நீங்க…"

"செத்துட்டேன். தெரியும். காலையிலேர்ந்து அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"பிரிச்சிடச் சொல்றாங்க. பிரிச்சிடவா?"

அவர் கண்ணாடிப் பட்டையை இன்னும் கொஞ்சம் திறந்தார். "அந்தப் பச்சைச் சட்ட, முனியாண்டி மவன்தானே? தோட்டத்துல என்னைப் பாத்து எச்சி துப்பினவன். அவன் எதுக்கு வந்தான்?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"இருக்கட்டும். பிரிக்காத. இன்னும் யாரு வரான்னு பாக்கணும்."

மனுஷன் முகத்தில் ரத்தம் ஓட ஆரம்பித்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன். எலிசபெத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போய் ரொட்டி கொண்டுவந்து வைத்தார். ஐயா ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமலே ரொட்டியை மைலோவில் தோய்த்துத் தின்றார். சாப்பிடாமல் கிடந்தவர் தின்கிறாரே என்று எலிசபெத் கதவு நிலையில் சாய்ந்து அழுதார். அந்தச் சத்தம் வெளியே கேட்டு, கணபதி கூட்டத்தைப் பார்த்து அமைதி, அமைதி என்று கையைக் காட்டினார்.

அந்த நேரத்தில்தான் அஞ்சலை அக்கா வந்து இறங்கினார். சுங்கை ரம்பாயிலிருந்து பஸ் பிடித்து, டவுனிலிருந்து வாடகைக் கார் பிடித்து வந்திருக்கிறார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், தோட்டத்தில் ரப்பர் பால் மரம் வெட்டியவர். மேசையில் உறையை வைத்தார், சேலையை இழுத்துச் செருகினார், கூடாரத்து நடுவில் வந்து நின்று ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார். இப்போது யாரும் அப்படிப் பாடுவதில்லை. போனில் இருந்தவர்கள் எல்லாம் போனை இறக்கிவிட்டார்கள்.

பிரசவ வலியில் துடித்த என்னைத் தோட்டத்து லாரியில் தூக்கிப் போட்டு, ஆபீஸ் கிராணி தடுத்தும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாயே என்றார். அதற்கு ஒரு வாரச் சம்பளம் வெட்டியபோதும் வாய் திறக்காமல் இருந்தாயே என்றார். அறைக்குள் ஐயா தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த அடியில் அக்கா, எங்களையெல்லாம் நடுரோட்டில் விட்டுவிட்டுக் காசைக் கண்டதும் முதல் கையெழுத்துப் போட்டு ஓடின மகராசா என்று இழுத்தார்.

ஐயா சட்டென்று எழுந்துவிட்டார்.

"இத மட்டும் நான் ஒத்துக்க முடியாது."

நான் கையைப் பிடிப்பதற்குள் கதவைத் திறந்துகொண்டு சாரோங்கோடு வெளியே போய்விட்டார்.

பிள்ளைகளே, அந்த அமைதியை நான் எந்தக் கேலரியிலும் கேட்டதில்லை. கணபதி தன் மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். முனியாண்டி மகன் எழுந்து நின்று, எங்கே ஓடுவதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். அஞ்சலை அக்கா மட்டும் அசையவில்லை. இடுப்பில் கையை வைத்து ஐயாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"உயிரோடயா இருக்கே? பஸ்ஸு காசு, காரு காசு எல்லாம் போச்சே, பாவி."

"சாவுக்கு வந்தவ சாவப் பத்திப் பேசு. கையெழுத்தப் பத்தி எதுக்குப் பேசுற? நான் ஏன் போட்டேன்னு இத்தன வருஷத்துல ஒருத்தர் வந்து கேட்டீங்களா?"

"சரி. இப்பக் கேக்கறேன். சொல்லு."

ஐயா முன்வரிசையில் ஒரு சிவப்பு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அக்காவும் எதிரில் உட்கார்ந்தார். ஐயாவின் மனைவிக்கு அப்போது சிறுநீரகம் கெட்டுப்போயிருந்ததாம். டவுனில் ரத்தம் சுத்தம் செய்யக் காசு வேண்டும், பக்கத்தில் வீடும் வேண்டும். சொன்னால் உதவக் காசில்லாமல் எல்லாரும் கையை விரிக்க வேண்டியிருக்கும், ஆளுக்கொரு பேச்சாகிப் போராட்டமும் கெட்டுப்போகும் என்று சொல்லாமல் போட்டுவிட்டாராம். மனைவி அதற்குப் பிறகு ஒரு வருஷம்தான் இருந்தார். அந்தச் சாவுக்கும் யாரையும் அழைக்கவில்லை. இவ்வளவையும் ஐயா கணக்கு ஒப்பிக்கிறவர் மாதிரி, யாரையும் குற்றம் சொல்லாமல் சொன்னார்.

அக்கா நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "இத அன்னைக்கே சொல்லித் தொலச்சிருக்கலாம்ல" என்றார்.

"நீங்க யாரும் பக்கத்துல வரல. நானும் வரல" என்றார் ஐயா.

முனியாண்டி மகன்தான் முதலில் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தான். அப்புறம் ஒருவர் ஒருவராக. எலிசபெத் கோப்பி போட்டார். பக்கத்து வீட்டு அம்மா கேத வீட்டுக்கென்று செய்துவைத்திருந்த மீகூன் சேமியாவைச் சட்டியோடு கொண்டுவந்தார். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. குமார் என் காதில், இதுக்கு வாழை கட்டலாம், லா, என்றான்.

இந்த நேரத்தில் யமுனா வந்து சேர்ந்தார். காரிலிருந்து இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். எல்லா நாற்காலியும் நிரம்பியிருந்தது, வரிசை கலைந்து வட்டம் வட்டமாகத் திரும்பியிருந்தது. பேரங்காடித் தூணுக்குப் பின்னால் நின்று அழுத முகம் நினைவுக்கு வந்தது. மாலையில் வரப்போகிற விருந்தினர்கள் நினைவுக்கு வந்தார்கள். இவர்களை எழுப்பச் சொன்னால் நான் என்ன செய்வது? என்னால் முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

"அங்கிள், நாற்காலி காலியா இருக்கணும்னு சொன்னேன்ல" என்றார். குரலில் கோபம் இல்லை, களைப்புதான்.

நடந்ததை எல்லாம் சொன்னேன். கணபதியின் வாட்ஸ்அப், ஜன்னல், ஒப்பாரி எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே கூடாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலி நாற்காலியைப் பார்த்து ஐயா இரவு சொன்ன வார்த்தையைச் சொன்னபோது மட்டும் முகம் சுருங்கியது. நான் அவருக்கா இப்படிச் செய்தேன் என்று கேட்டார். நானும் சேர்ந்துதான் போட்டேன் அம்மா என்றேன்.

அவர் யாரையும் எழுப்பச் சொல்லவில்லை. நேரே போய் ஐயாவின் முன்னால் நின்று, மன்னிச்சிடுங்க தாத்தா என்றார். ஐயாவுக்கு இவர் யார் என்று தெரியவில்லை. எலிசபெத் சொன்னதும், "நீதான் இந்தப் பந்தலுக்குச் சொந்தக்காரியா? உக்காரு. முதல்ல சாப்பிடு" என்றார். உட்கார இடமில்லை. அஞ்சலை அக்கா தன் நாற்காலியில் பாதியை விட்டுக்கொடுத்தார்.

மாலையில் விருந்தினர்கள் வந்தார்கள். அப்போதும் பாதிக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள். ரோட்டிலேயே நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கலைப்படைப்பு எங்கே என்று கேட்டார்கள். யமுனா கூடாரத்தைக் காட்டினார். ஒருவர் ஐயாவிடம் குனிந்து, இது எதைப் பற்றியது என்று நினைக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். ஐயா யோசிக்கவே இல்லை. இது என் கேத வீடு, வந்தது சந்தோஷம், கோப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்றார்.

யமுனாவை அந்தப் பெரிய கண்காட்சிக்கு எடுக்கவில்லை. முடிக்காத வேலை என்று சொன்னார்களாம். ஆனால் அதற்குப் பிறகு எந்த ஊரில் எதைப் போடுவதற்கு முன்னாலும், யமுனா என்னை அழைத்துக்கொண்டு போய் அந்த ரோட்டில் ஒரு நாள் முழுக்கச் சும்மா உட்காருவார். கோப்பிக் கடையில், சர்ச் வாசலில், பஸ் நிறுத்தத்தில். இங்கே காலி நாற்காலி போட்டால் உங்களுக்கு என்ன தோன்றும் என்று போகிற வருகிறவர்களை எல்லாம் கேட்பார். நான் ஓய்வு பெறும் வரை எனக்கு வேலை கொடுத்தவர் அவர். அன்று என்னை அவர் திட்டி அனுப்பியிருந்தால் உங்களுக்கு இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன், மறுபடி கல்யாணக் கூடாரத்துக்கே போயிருப்பேன். நன்றியை நேரில் சொன்னால் சிரிப்பார் என்று இங்கே சொல்கிறேன்.

உங்களுக்கும் ஒருநாள் கயிற்றில் கை வைத்துக்கொண்டு நிற்கிற நேரம் வரும். ஒருவர் பிரி என்பார், ஒருவர் வை என்பார். கலைஞரைக் கேட்கலாம், கேலரியைக் கேட்கலாம். அதற்கு முன்னால், அந்த வாசலில் குடியிருப்பவரைக் கேளுங்கள். அவர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்று இருட்டுவதற்குள் கூட்டம் கலைந்தது. கணபதி முகம் செத்துப்போய் ஒவ்வோர் உறையாக எடுத்துப் பெயரைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வாங்கினவர்கள் அவரைச் செய்த கிண்டலில் மனுஷன் ஒரு மாதத்துக்கு வாட்ஸ்அப் பக்கமே போகவில்லை. ஓர் உறை மட்டும் மிஞ்சியது. அஞ்சலை அக்கா கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று முன்பே கிளம்பிவிட்டார்.

திங்கட்கிழமை விடிந்ததும் ஐயாவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு காரில் போய் உட்கார்ந்துவிட்டாராம். கதவைச் சாத்துவதற்கு முன், அந்த உறையை என்னிடம் சேர்க்கச் சொல்லி எலிசபெத்திடம் கொடுத்திருக்கிறார். நீ கூடாரம் போட்டதால் வந்த காசு, நீயே கொண்டுபோய்க் கொடு என்று சொல்லி அனுப்பியிருந்தார். அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்தது. அவர் கண் விழித்த செய்தி வந்த பிறகுதான் நான் சுங்கை ரம்பாய்க்குப் புறப்பட்டேன்.

அஞ்சலை அக்கா உறையைத் தொடவில்லை. கேதத்துக்குக் கொடுத்த காசைத் திருப்பி வாங்கினால் விளங்காது, அந்த ஆள் கிட்டயே கொடு, நான் செத்துப் போகும்போது அவனே நேரில் வந்து எனக்கு வைக்கட்டும் என்றார். அதை ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் நெஞ்சில் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவளுக்கு முன்னால் நான்தான் போவேன், அப்போது எடுத்து மேசையில் வை, அதுவரை உன் கிட்டயே இருக்கட்டும் என்றார். இரண்டு பேரும் இப்போது வாரத்துக்கு ஒரு முறை போனில் சண்டை போடுகிறார்கள். இருவருமே நன்றாக இருக்கிறார்கள். உறை என் அலமாரியில் இருக்கிறது. எலி கடித்துவிடுமோ என்று அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறேன். யார் யாருக்குக் கடன் என்று எனக்குப் புரியவில்லை. உறைக்குள் இன்றுவரை தீராமல் நிற்பது ஐம்பது வெள்ளி.